செவலைக்கு வெந்நீர்

ஆவடிப் பக்கத்து மார்கழிக் குளிரைப் பற்றிப் பேசினால் வடக்கே இருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். பத்தொன்பது டிகிரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். சிரிக்கட்டும். ஏரிக் காற்று அடிக்கிற ஒரு விடியற்காலையில் கோவில்பதாகைக்கு வந்து, பச்சைத் தண்ணீரில் நாலு பாத்திரம் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். ஜெகதாம்பாளின் கட்சி அதுதான். அவளுக்கு அறுபது வயதாகிறது. தனக்காக அவள் குளிருக்குப் பயந்ததே கிடையாது. பயமெல்லாம் புருஷனை நினைத்துத்தான்.

புருஷன் எத்திராஜ் குடியாத்தத்துக்காரர். ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். பாதி வாழ்க்கை குவார்ட்டர்ஸில் ஓடியது. ஓய்வு பெற்ற பிறகு, ஜெகதாம்பாளின் பிறந்த வீட்டார் அவள் பங்காகக் கொடுத்த மனையில், தம்பி திருவேங்கடத்தின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே மகள் மதிவதனி கோயம்புத்தூரில் வாத்தியார் வேலை பார்க்கிறாள்.

எத்திராஜுக்குக் குளிர் ஆகாது. ஆகாது என்றால் நமக்கு ஆகாத மாதிரி இல்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் காலையில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் நீலம் பாரிக்கும். ரத்தம் திரும்பி வரும்போது நெருப்பில் வைத்தது போல எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் சர்க்கரை வியாதி என்று தாங்களாகவே முடிவு கட்டினார்கள். அவரும் ஆமாம் சாமி போட்டுவிட்டார்.

நிஜம் வேறு. பதினேழு வருஷத்துக்கு முன்னால், மலைக்குளிரில் வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க அவரை லடாக்குக்கு அனுப்பினார்கள். இரண்டு குளிர்காலம் இருந்தார். அங்கே பழைய வண்டிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் ரேடியேட்டர் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ராத்திரியில் தண்ணீர் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். ஒரு நாள் வடிகுழாய் இறுகிக்கொண்டது. கையுறையோடு பிடித்தால் வழுக்கியது. உதவியாளர்களிடம் நூறு தடவை சொல்லியிருந்தார், எது வந்தாலும் கையுறையைக் கழற்றாதே என்று. அவரே கழற்றினார். தோல் குழாயோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புண் ஆறியது, விரல் பழையபடி ஆகவில்லை.

"இத யார்கிட்டயும் சொல்லாத ஜெகதா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே பண்ணிகினேன். கேக்கறவன் சிரிப்பான்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவளும் சொல்லவில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

வேலையில் இருந்தவரைக்கும் தொழிற்சாலைச் சங்கு அவரை இழுத்து வெளியே போட்டது. ஓய்வு பெற்ற பிறகு யார் இழுப்பது? முதல் வருஷம் இரண்டு போர்வையும் குரங்குக் குல்லாவுமாகக் கட்டிலில் கிடந்தார். இரண்டாவது வருஷம் பேப்பர் படிப்பது நின்றது. அதற்கடுத்த வருஷம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், தை கழிகிறவரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, குளிரைத் தவிர்க்கச் சொன்னார். மனுஷன் உலகத்தையே தவிர்த்துவிட்டார். காபி வேண்டுமா என்று கேட்டால் பதில் வராது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறாள் ஜெகதாம்பாள். இப்படியே ஒரு மார்கழியில் இவர் கரைந்து போய்விடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. யாரிடம் சொல்லி அழுவது? சொன்னால் விரல் கதையும் சேர்ந்து வெளியே வருமே.

அப்போதுதான் அவளுக்குச் செவலை நினைவு வந்தது.

செவலை என்பது டிராக்டர். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவள் அப்பா செவலைக் காளையை விற்றுவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தார். அதுவும் சிவப்பு. மாட்டின் பேரே வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. பதினேழு வயதில், அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரமாகப் பார்த்து அவள் அதைக் கிளப்பி, தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயில் இரண்டு சுற்று சுற்றி வந்து நிறுத்துவாள். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. எத்திராஜ் பெண் பார்க்க வந்த அன்று வாசலில் நின்ற செவலையைத்தான் முதலில் பார்த்தார். மூடியைத் தூக்கி எஞ்சினை ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் உள்ளே வந்து பெண்ணைப் பார்த்தார். கோபம் வந்தால் இன்றைக்கும் அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

செவலை எட்டு வருஷமாகத் திருவேங்கடத்தின் கொட்டகையில் மக்கிக்கொண்டிருந்தது. டயரில் காற்று இல்லை. சீட்டுக்குக் கீழே கோழி அடைகாத்தது.

"அக்கா, அது காயலான் கடைக்குப் போற வண்டி. அத்த வெச்சிகினு நீ இன்னா பண்ணப் போற?" என்றான் தம்பி.

"நீ குடு. மிச்சத்த நா பாத்துக்கறேன்."

ஒரு கார்த்திகை மாதத்தில் வண்டியை இழுத்து வந்து, எத்திராஜ் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார்கள். மறுநாள் காலை அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். பதினேழாம் நம்பர் நட்டுக்குப் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். அது நழுவியது. திரும்பப் போட்டாள், திரும்ப நழுவியது. தெரிந்தேதான் செய்தாள். ஃபிட்டராக இருந்தவன் செத்துக் கிடந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எழுந்து வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அரை மணி நேரம் ஜன்னல் மூடியே இருந்தது. அப்புறம் கொஞ்சம் திறந்தது. அப்புறம் கதவு.

"அடியே! நட்டு தேஞ்சிடும்டி! நவுரு!" போர்வையோடு வந்து நின்றார் எத்திராஜ்.

அந்தப் போர்வை எட்டு மாதம் செவலையின் மட்கார்டு மேல் கிடந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள் வண்டி கரும்புகை விட்டுக்கொண்டு எழுந்தது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு தம்பியிடம் மிஞ்சியிருந்த ஒன்றரை ஏக்கரை உழுவது, வைக்கோல் ஏற்றி வருவது, மழைக்காலத்தில் பருத்திப்பட்டுப் பாதையில் சேற்றில் மாட்டிக்கொண்ட கார்களை இழுத்து விடுவது என்று செவலைக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. எத்திராஜுக்கும்தான்.

அடுத்த மார்கழி வந்தது. இவர் மறுபடியும் படுத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அவர் படுக்கவில்லை. வேறொன்று செய்தார். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் கீழே குனிந்து வடிகுழாயைத் திறந்து, ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க வடித்தார். எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய ஒரு தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் ‘தண்ணி இல்லை’ என்று எழுதி ஸ்டீயரிங்கில் மாட்டினார்.

"காலைல வெந்நி வெச்சிக் குடு ஜெகதா. குளுருக்கு எஞ்சின் சட்டுனு புடிக்காது" என்றார்.

ஜெகதாம்பாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா முப்பது வருஷம் அந்த வண்டியை வைத்திருந்தார். ஒரு ராத்திரிகூட தண்ணீரை வடித்ததில்லை. கோவில்பதாகையில் தண்ணீர் உறைவதாவது! மனுஷருக்கு மூளையில் இன்னும் லடாக் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். மறுநாள் காலையில் வெந்நீரை ஊற்றும்போது பார்த்ததில் அந்த எண்ணமே போய்விட்டது. தண்ணீர் உள்ளே இறங்க இறங்க அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ரேடியேட்டர் மேல் அப்படியே பதித்து வைத்திருந்தார். வெளுத்த விரல்களில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் நிம்மதி.

அன்றிலிருந்து மூன்று வருஷமாக, குளிர்காலம் முழுக்க, தன் காபிக்கு முன்னால் செவலைக்கு வெந்நீர் போடுகிறாள். தம்பி பெண்டாட்டி, "பெத்த பொண்ணுக்கே இப்டி வெந்நி போட்டதில்லயே அக்கா நீ" என்று கிண்டல் செய்தாள். ஜெகதாம்பாள் சிரித்துவிட்டுப் போனாள்.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கல் அன்று வினை வந்தது.

மாடு இல்லாத வீட்டில் மாட்டுப் பொங்கலுக்கு டிராக்டரைத்தான் குளிப்பாட்டுகிறார்கள். எத்திராஜ் முந்தின நாள் வழக்கப்படி தண்ணீரை வடித்து, தகரத்தை மாட்டிவிட்டுத்தான் படுத்தார். காலையில் ஜெகதாம்பாள் செவலையைக் கழுவித் துடைத்து, முன்பக்கம் மஞ்சள் பூசி, ஐந்து இடத்தில் குங்குமம் வைத்தாள். ஸ்டீயரிங்குக்குச் சாமந்தி மாலை போட வேண்டும். குறுக்கே தகரம். நல்ல நாளும் அதுவுமாக ‘இல்லை’ என்று எழுதியது சாமி கும்பிடுகிற இடத்தில் தொங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். பொங்கல் பானை இறங்கட்டும், அதே அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள். பால் பொங்குகிற நேரம். தகரத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தவள்தான், சுத்தமாக மறந்துபோனாள்.

எத்திராஜ் குளித்துக்கொண்டிருந்தார். தம்பி மகன் லோகேஷ், இருபத்தாறு வயது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். கோயில் மைதானத்தில் எல்லா வண்டிகளும் கூடிவிட்டன என்று போன் மேல் போன். மாலை போட்டு, பொட்டு வைத்து, வண்டி தயாராக நிற்கிறது. வேறு என்ன வேண்டும்? ஏறிக் கிளப்பிவிட்டான்.

கால் மணி நேரம். ஏரிக்கரை ரோட்டில் ஒரு கருகல் நாற்றம் வந்தது. அப்புறம் இரும்போடு இரும்பு கடிக்கிற ஒரு சத்தம். செவலை நின்றுவிட்டது.

தகவல் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். திருவேங்கடம் மூடியைத் திறந்து பார்த்தான். புதுச் சட்டையும் கரும்புமாகச் சுற்றி ஐம்பது பேர்.

"இன்னா மாமா இது? உள்ள ஒரு சொட்டு தண்ணி இல்ல! வண்டித் தண்ணிய எவன்னா தெனம் வடிப்பானா? இது இன்னா காஷ்மீரா? பச்சப் புள்ளகூட சொல்லுமே, இங்க தண்ணி உறையாதுன்னு!"

கூட்டம் சிரித்தது. எத்திராஜ் ஈரத் தலையோடு, வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"என் தப்புதாம்பா. நாந்தான் சொல்லாம உட்டுட்டேன்" என்றார்.

ஜெகதாம்பாளும் அங்கேதான் நின்றாள். தகரத்தைக் கழற்றியது நான் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, தண்ணீரை ஏன் வடிக்க வேண்டும் என்பது. அதற்குப் பதில் சொன்னால் விரல் வெளியே வரும். பதினேழு வருஷத்து வாக்கு. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு, கடைசியில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதை நினைத்து அவள் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

செவலையை இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். வீட்டுக்கு வந்த எத்திராஜ் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தார். ஆணியில் தகரம் தொங்கியது. பார்த்தார். தண்ணீரைக் குடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போய்ப் படுத்தார். சுவர்ப் பக்கமாக.

இரண்டு நாள் அப்படியே கிடந்தார். காணும் பொங்கலுக்கு ஊரே வெளியே கிளம்பிப் போக, ஜெகதாம்பாள் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். வைத்த சாப்பாடு வைத்தபடி இருந்தது. புறங்கையை மூக்கருகே கொண்டுபோனபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. தனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு ஒரு மனுஷர் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். இவள் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம் வாக்கை!

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் காயலான் கடை யூசுப் சின்ன லாரியோடு வந்தார். திருவேங்கடம்தான் வரச் சொல்லியிருந்தான். செவலையின் கொக்கியில் சங்கிலியை மாட்டினார்கள். லோகேஷ் குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றான்.

ஜெகதாம்பாள் வாசலுக்கு வந்தாள்.

"சங்கிலிய அவுரு வேங்கடம். வண்டி கெட்டது அவரால இல்ல, என்னால. ஸ்டீயரிங்ல தண்ணி இல்லன்னு தகரம் மாட்டித்தான் வெச்சிருந்தாரு. மால போடறதுக்கோசரம் நாந்தான் கழட்டினேன். கழட்டிட்டு மறந்துட்டேன்."

தம்பி திகைத்தான். "சரிக்கா, தெரியாம நடந்துடுச்சி. ஆனா தண்ணிய ஏன் வடிக்கணும்? அதான் எனக்குப் புரியல."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மூடியிருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அவரு கையப் பாத்துருக்கியாடா நீ? அது சக்கரை இல்ல. லடாக்ல அந்தக் கொழாயத் தொறக்கறதுக்குக் கையுறையக் கழட்டினாரு. தோலு இரும்போட ஒட்டிகினு போச்சி. குளுரு வந்தா அந்த வெரல்ல ரத்தம் ஓடாது. காலைல வெந்நி ஊத்தும்போது ரேடியேட்டர்ல கைய வெச்சா அவருக்கு எதமா கீது. அதுக்கோசரம்தான் நா தடுக்கல. இங்க தண்ணி உறையாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ டவுசர் போட்டுகினு திரியும்போதே இந்த வண்டிய ஓட்டினவடா நானு."

சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. எத்திராஜ் போர்வையோடு நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

யூசுப் விவரம் தெரிந்த மனுஷர். சங்கிலியைத் தானே கழற்றி லாரியில் போட்டுக்கொண்டு, "நா வரேன் அண்ணாத்தே" என்று கிளம்பிவிட்டார். திருவேங்கடம் தரையைப் பார்த்தபடி, "மாமா, அன்னிக்கி காஷ்மீருன்னு..." என்று ஆரம்பித்தான்.

எத்திராஜ் பெண்டாட்டியிடம் வந்தார். "சொல்லாதன்னு சொன்னேனே ஜெகதா."

"சொன்னீங்க. மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துட்டீங்களே. எனக்குப் பயமா கீதுங்க. நீங்க போயிட்டா அந்த வாக்க வெச்சிகினு நா இன்னா பண்றது?"

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். செவலையின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"நா ஃபிட்டருடி. ஆவடில தண்ணி உறையாதுன்னு எனக்கு மட்டும் தெரியாதா?"

ஜெகதாம்பாள் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"அங்கேருந்து வந்த அப்பறம் எந்தக் கொழாயத் தொட்டாலும் உள்ளங்கை கூசும். ஒட்டிக்குமோன்னு இருக்கும். நம்ப பாத்ரூம் கொழாயக்கூட துணி சுத்தித்தான் தொறப்பேன், நீ பாத்ததில்ல. செவலைய மொதல்ல குளுர்ல ஓட்டினப்போ வேணும்னே வெறுங்கையால தொறந்து பாத்தேன். ஒட்டல. எஞ்சின் ஓடின தண்ணி, வெதுவெதுன்னு வெரல் மேல கொட்டிச்சி. அப்டியே கைய நீட்டிகினு உக்காந்துட்டேன். அதுலருந்து தெனம் தொறக்கறேன். பயம் கொஞ்சம் கொஞ்சமா போச்சி. இத எப்டி உன்கிட்ட சொல்றது? நீ வேற பாவம், வண்டிக்குன்னு நம்பி வெந்நி போட்டுகினு இருந்த."

"நானா நம்பினேன்?" என்றாள் அவள். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மூன்று வருஷம், ஒரே வீட்டில், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதிகாலையில் எழுந்திருக்கிறார்கள்! இவர்களை எதில் சேர்ப்பது?

எத்திராஜ் எழுந்தார். செவலையின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். முகர்ந்தார். விசிறியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பழைய ஃபிட்டர் திரும்பி வந்துகொண்டிருப்பதை ஜெகதாம்பாள் கண்ணெதிரே பார்த்தாள்.

"கேஸ்கட் போயிருக்கும். ஹெட்டக் கழட்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத்துக்கு அனுப்பணும். பொழைச்சிக்கும்" என்றவர், ஓரமாக நின்றவனைத் திரும்பிப் பார்த்தார். "லோகேஷு, இங்க வா கண்ணு."

அவன் தயங்கித் தயங்கி வந்தான். எத்திராஜ் போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, எல்லோர் முன்னாலும் அவனுக்கு நேராக நீட்டினார். மூன்று விரல்களும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"பாத்துக்கோ. இந்த மூணு பேரும் பத்து மணி ஷிப்டு. அதுக்கு முன்னாடி ஒரு நட்டகூட புடிக்க மாட்டானுங்க. எதக் கழட்டணும்னு நா சொல்றேன், நீ கழட்டு. சரியா?"

லோகேஷ் தலையாட்டினான். ஆனால் ஸ்பேனரை எடுக்கவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, என்ன சொல்வதென்று தெரியாமல், பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தான். எத்திராஜ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜெகதாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று பேரும் பதறிப்போய்த் திரும்பினார்கள்.

"இன்னாக்கா ஆச்சி?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்லடா" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினேழு வருஷமா அந்தக் கைய நா ஒருத்தியே தேச்சிகினு இருந்தேன்."